ரெக்லெமான் என்னும் சொல்லும் நம் சங்கத்தின் ஒழுங்கும்

(திருவரங்கத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரெஞ்சு மொழியை நாம் முறையாகப் பயின்றவரல்லோம். தமிழ்ப் பண்டிதப் பயிற்சி பெற்று, இத்திருச்சிராப்பள்ளியில் பிள்ளைகளுக்கு இலக்கணமும் செய்யுளும் கற்பித்துக் காலங்கழித்து வருபவரேம். சட்டக்கல்லூரியின் வாயிலை மிதித்ததும் இல்லை. அங்ஙனமிருக்க, ஒரு பிரெஞ்சுச் சட்டச் சொல்லைப் பற்றிப் பேச முன்வந்தது ஏனோ எனின், அதற்குக் காரணம் இரண்டு உண்டு.

காரைக்காலினின்று வந்து திருவரங்கத்தில் குடியேறிய நம் உறவினர் ஒருவர், பிரான்சு தேசத்தில் உள்ள தம் மகன் அனுப்பிய தாள் ஒன்றை நம்மிடம் காட்டினார். அங்குள்ள தமிழர் தமக்குள் ஒரு சங்கம் நிறுவ எண்ணி, அதற்கு வேண்டிய அமைப்பேடுகளை எழுதுகின்றனராம். முதல் ஏட்டின் தலைப்பு 'ஸ்தத்யூ' என்பது; இரண்டாவதன் தலைப்பு 'ரெக்லெமான் அந்தேரியேர்' என்பது. "ஐயா, இதற்குத் தமிழில் என்ன எழுதலாம்?" என்று அவர் வினவினார். இஃது ஒன்று. அதே கிழமையில் நம் சங்கச் செயற்குழுவினின்று ஒரு புதுவிதியின் நகல் நமக்கு வந்தது. அவ்விதி யாதென்பதைப் பின்னர்க் கூறுவோம். அச்சொல்லின் பொருளை ஆராய ஆராய, இவ்விதியின் குற்றம் நமக்குத் தெளிவாயிற்று. ஆகலின் இரண்டையும் இணைத்தே இங்குப் பேசத் துணிந்தோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுப்பாராக.

முதலில் சொல்லை நோக்குவோம். ரெக்லெமான் என்பதன் இறுதி னகரம் வாய்க்குள் ஒலியாது மூக்கில் மறையும். அதன் வேர் இலத்தீன் மொழியில் 'ரெகுலா' என்பது. அதற்குப் பொருள் நேரான கோல். கோடு இழுக்கத் தச்சன் வைத்திருக்கும் கோலும் அதுவே. நேராக நடத்துதல் என்னும் பொருளுடைய வினையினின்று அச்சொல் பிறந்தது. அரசனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் அவ்வினைக்கு உறவானதே. இவ்விடத்தில் தமிழறிந்தார்க்கு வியப்பு உண்டாதல் இயல்பு. நம் மொழியிலும் அளவுகோல், எழுதுகோல், துலாக்கோல் என்று வரும் அதே கோல்தான் அரசன் கையிற் செங்கோலாகவும் நிற்கின்றது. அது நேராயிருப்பின் செங்கோல்; வளைந்தால் கொடுங்கோல். நன்னூலின் பாயிரமும் நூல் என்னும் பெயர்க்குக் காரணங் கூறுங்கால், மரத்தின் கோணலைத் தச்சன் கயிறு தீர்க்குமாறு மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்னும் கருத்தைச் சொல்லுகின்றது. ஆட்சியென்பது நேர்கோட்டின் வழி நிற்றலே என்னும் எண்ணம் உரோமர்க்கும் தமிழர்க்கும் பொதுவாயிருந்தமை காண்க.

இனி, பிரெஞ்சுக்காரர் கடைவீதியில் கணக்கைத் தீர்த்துப் பணங் கொடுப்பதனையும் ரெக்லெமான் என்றே கூறுவர். வழக்கொன்றைத் தீர்த்து வைப்பதும் ரெக்லெமானே. நாமும் 'கணக்கை நேர் செய்தல்' என்று சொல்லுகின்றோம் அல்லமோ? கோணலை நேராக்குதல் என்னும் ஒரு பொருளே இத்தனைக்கும் அடிப்படை.

இச்சொல்லோடு மயங்கத்தக்க வேறொரு சொல்லும் உண்டு. அது 'ரெகுலாசியோன்' என்பது. ஆங்கிலத்தில் 'ரெகுலேஷன்' என்னும் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்வதால், மொழிபெயர்ப்போர் பலர் இவ்விடத்தில் இடறுகின்றனர். எழுதி வெளியிட்ட விதி ரெக்லெமான். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மிகாமலும் குறையாமலும் அடக்கி நடத்துதல் ரெகுலாசியோன். நம்மூரார்க்கு இதனை விளக்க முக்கொம்பே போதும். காவிரியும் கொள்ளிடமும் பிரியுமிடத்தில் 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் அமைந்த மேலணையின் மதகுகள் நீரைப் பங்கிட்டு விடுகின்றனவே, அச்செயல் ரெகுலாசியோன். எந்நாளில் எவ்வளவு நீர் விடுவது என்று எழுதிவைத்த ஏடு ரெக்லெமான். 2018 ஆகஸ்டுத் திங்களில் அவ்வணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாம் அனைவரும் கண்டோம். பழமையான அமைப்பு என்பதனாலேயே ஒன்று உறுதியானதாகி விடாது என்பதை அது நமக்குக் காட்டிற்று. விதிகளுக்கும் இது பொருந்தும்.

அடுத்து, பிரெஞ்சுச் சட்டத்தில் இச்சொல் நிற்குமிடத்தைக் காண்போம். மக்களின் பிரதிநிதிகள் கூடிய சபை இயற்றுவது 'லுவா', அஃதாவது சட்டம். ஆட்சி நடத்துவோர் தம் அதிகாரத்தால் எல்லார்க்கும் பொதுவாக விதிப்பது ரெக்லெமான். குடியரசுத் தலைவரும் பிரதம மந்திரியும் விதிப்பது 'தெக்ரே' எனப்படும். மந்திரி, மாவட்டத் தலைவர், நகரத் தலைவர் முதலியோர் விதிப்பது 'அரெத்தே' எனப்படும். 1958-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 34-ஆம் விதி, சட்டத்தால் மட்டுமே தீர்மானிக்கத்தக்க பொருள்கள் இவையெனத் தொகுத்துக் கூறுகின்றது. ஏனையவெல்லாம் ரெக்லெமானுக்கு உரியன என்கின்றது 37-ஆம் விதி. நீதிபதிக்கோ இவ்வதிகாரம் இல்லை. முற்காலத்துப் பிரெஞ்சு நீதிமன்றங்கள் தீர்ப்பென்னும் பெயரால் எல்லார்க்கும் பொதுவிதி வகுத்து வந்தன; புரட்சிக்குப் பின் எழுந்த சிவில் கோடின் 5-ஆம் விதி அதனை அறவே தடுத்துவிட்டது. தன் முன் வந்த வழக்கைத் தீர்ப்பதே நீதிபதியின் தொழில் என்பது அதன் கருத்து.

இதற்கு ஒரு தமிழ் உவமை சொல்லுவோம். 'சட்டம்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் மரச்சட்டம் என்னும் பொருளும் உண்டு. படத்திற்கும் கற்பலகைக்கும் சுற்றிலும் இடுவது சட்டம். அதன் உள்ளே கோல் வைத்து இழுக்கும் கோடுகளே ரெக்லெமான். கோடுகள் எத்தனையும் இழுக்கலாம். சட்டத்தைத் தாண்டி ஒரு கோடும் செல்லலாகாது. ஆகலின் இச்சொல்லை 'ஒழுங்குவிதி' எனத் தமிழ்ப்படுத்தலாம் என்று அவ்வுறவினர்க்கு எழுதிக் கொடுத்தோம். பிரான்சில் 1901 ஜூலை 1-ஆம் நாள் இயற்றிய சட்டத்தின்படி நிறுவும் சங்கங்களில் ஸ்தத்யூ என்பது சட்டம் போன்ற மூல அமைப்பேடு. ரெக்லெமான் அந்தேரியேர் என்பது அதன் உட்பட்ட ஒழுங்குவிதி. பின்னது முன்னதற்கு மாறுபட்டால் பின்னதே வீழும்.

அன்பர்களே! இவை அயல்நாட்டுச் செய்திகள். நமக்கு என் என்று எவரேனும் கருதலாம். பிரெஞ்சுக்காரர் நம்மூர்க்கு அயலார் அல்லர். 1752-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ழாக் லா என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் இத்திருவரங்கத் தீவிலேதான் ஆங்கிலப் படையினிடம் சரணடைந்தார். சந்தா சாகிபு உயிரிழந்ததும் அப்பொழுதே. அன்று போர் வேறுவிதமாய் முடிந்திருப்பின், நம் பாட்டன்மார் நீதிமன்றத்தில் ரெக்லெமான் என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்திருப்பர். அங்ஙனம் வளர்ந்த தமிழர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உளர். அவர்கள் கதையில் சாதியார் கூட்டமாகிய நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று இருக்கின்றது.

புதுச்சேரியில் ஐரோப்பியர்க்கு ஒரு நீதிமன்றமும், தமிழர்க்குச் சாவடி என்னும் நீதிமன்றமும் இருந்தன. சாவடி என்பதனையே பிரெஞ்சுக்காரர் 'ஷோத்ரி' என எழுதினர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தோர் அச்சாவடியை அறிவர். 1819 ஜனவரி 6-ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புக்களைப் புதுச்சேரியில் நடைமுறைப்படுத்தி ஓர் அரெத்தே பிறந்தது. அப்பொழுது ஆளுநராயிருந்தவர் துப்புயி பிரபு. அவ்வாணையின் 3-ஆம் விதி, இந்தியர் எம்மதத்தினராயினும் முன்போலத் தத்தம் சாதியின் சட்டம், வழக்கம், ஆசாரம் ஆகியவற்றின்படியே தீர்ப்புப் பெறுவர் என்று கூறிற்று. கவனியுங்கள்: பாரிசில் கூடிய சபை இயற்றிய சட்டமன்று இது, ஆளுநரின் ஒழுங்குவிதி. அவ்வொரு தாளின்மீதே ஒரு நாட்டு மக்களின் மணமும், சுவீகாரமும், தாயபாகமும் நூறாண்டுக்கு மேல் நின்றன.

சாதி வழக்கம் காக்கப்பட்டது என்று மகிழ்ந்தோர் அன்று பலர். ஆயின் வழக்கம் யாதென்று கூறுவார் யார்? அதற்காகவே 1827-இல் இந்தியரைக்கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றும் அமைந்தது. நீதிமன்றம் ஐயுற்று வினவ, குழு விடை எழுதிற்று. வாயால் வழங்கிக் காலத்திற்கேற்ப நெகிழ்ந்து வந்த வழக்கம், ஏட்டில் ஏறியபின் இறுகிவிட்டது. காப்பதற்கென்று பூட்டிய பூட்டு, உள்ளிருப்போர் வெளியேற முடியாத பூட்டும் ஆயிற்று.

1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துட் புகுந்தார். இந்தியர் அங்ஙனம் வரலாகாது என்று அவரை விலக்கினர். அவர் பணிந்தாரல்லர், பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம்வரை வழக்கை நடத்தி வெற்றி பெற்றார். அக்கிளர்ச்சியின் பயனாக 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஒரு தெக்ரே பிறந்தது. தன் சாதி வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பதாக எவரும் எழுதிக் கொடுக்கலாம்; கொடுத்தபின் திரும்ப இயலாது; குடும்பப்பெயர் ஒன்றும் பூணவேண்டும் என்பது அதன் விதி. அங்ஙனம் செய்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். பொன்னுத்தம்பியார் பூண்ட பெயர் 'லாபோர்த்'. அதற்குப் பொருள் வாயில். எத்துணைப் பொருத்தம்! ஆயினும் அவ்வாயிலைக் கடந்தோர் சிலரே. 'நம்மவர்' எனவும் 'விட்டுப்போனவர்' எனவும் தமிழர் இருகூறாயினர். சாதி வழக்கத்தின் பக்கம் நின்ற நாடு சண்முக வேலாயுத முதலியாரின் கட்சியே நெடுங்காலம் வலிமை பெற்றிருந்தது.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறையில் முடிவுற்றது. சட்டமுறையான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவெய்தியது. அதன்பின் இந்தியச் சட்டங்கள் பலவற்றை அங்கு விரித்த ஆணையின் பெயர் என்னையெனின், 1963-ஆம் ஆண்டின் புதுச்சேரிச் சட்டங்கள் 'ரெகுலேஷன்' என்பதே. இந்துத் திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தா என்னும் விலக்கும் அதனால் அமைந்தது. பழைய வாயிலைக் கடந்தோர் வழிவந்தவர்க்கு அது சுவடாக நிற்கின்றது.

பிரெஞ்சுக்காரரை மட்டும் கூறி ஆங்கிலக் கும்பினியாரை விடுதல் முறையன்று. 1833-க்கு முன் சென்னை அரசாங்கம் வகுத்த சட்டங்களின் பெயரும் ரெகுலேஷனே. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ரெகுலேஷன் கோயில், மசூதி, சத்திரம், பாலம் முதலியவற்றின் மானியங்களை ரெவினியூ போர்டாரின் மேற்பார்வையில் வைத்தது. ஓர் அலுவலகத்தாளின் சில வரிகள் திருவரங்கம் போன்ற பெருங்கோயில்களையும் எட்டின.

கோயிலுக்குள்ளேயே நோக்கினும் ஒழுங்குவிதி நமக்குப் புதிதன்று. 'கோயிலொழுகு' என்பது நம் பெரிய கோயிலின் வரலாற்றேடு. 'ஒழுகு' என்னும் பெயரே நடந்துவரும் முறை என்பதைக் காட்டும். உடையவர் காலத்தில் கோயிற் பணியாளர் இன்னின்ன கொத்தினர், இன்னின்ன பணியினர் என வகுத்த செய்தியை அது கூறுகின்றது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துச் சபையார் 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு ஒத்த காலத்தில் குடவோலை முறையைக் கல்லில் வெட்டினர்; அதனை அவர்கள் 'வியவஸ்தை' என்றனர். யார் உறுப்பினராகலாம், யார் ஆகலாகாது, கணக்குக் காட்டாதோர் நிலை யாது என்பன அதிற் காணப்படும். அவ்விதி எல்லாரும் படிக்கும்படி கோயிற் சுவரில் நின்றது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். சாதியார் கூட்டங்களில் வழங்கும் சொல் 'ஒழுங்கு' அன்று, 'கட்டுப்பாடு'. "அவனைக் கட்டுப்பாடு செய்துவிட்டார்கள்" என்றால் என்ன பொருள் என்று இவ்வவையில் எவர்க்கும் விளக்க வேண்டுவதில்லை. நெருப்பில்லை, நீரில்லை, நல்லதற்கும் கெட்டதற்கும் நாலுபேர் இல்லை என்பதே.

நம் வாழ்வில் நிகழ்ந்ததொன்றைக் கூறுகின்றோம். ஊரின் பெயரைக் கூறோம். நமக்குப் பத்து வயதிருக்கும்போது, அக்காள் என்று நாம் அழைத்துவந்த பெரியப்பாவின் மகள் வேறு குலத்தார் ஒருவரை மணந்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பெரியப்பாவின் குடும்பத்தைக் கட்டுப்பாடு செய்தனர். இரண்டாண்டு கழித்து நம் அப்பாயி காலமானார். அவர் பெரியப்பாவின் வீட்டிலே இருந்தவர். பங்காளிகள் ஒருவரும் வாசலில் வந்து நிற்கவில்லை. பாடையின் ஒருபுறம் பெரியப்பாவும் நம் தந்தையாரும் தோள்கொடுத்தனர். மறுபுறம் தோள்கொடுத்தோர் வேறு தெருவினின்று வந்த நம் குலத்தாரல்லாத இருவர். நெய்ப்பந்தம் பிடித்துப் பின்னே நடந்த சிறுவன் நாம். வயதாகி ஆசிரியத்தொழில் ஏற்றபின், அக்கட்டுப்பாடு எழுதிய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஒரே வரி இருந்தது. நாள் இல்லை, காரணம் இல்லை, கையொப்பமும் இல்லை. அந்த ஒரு வரிக்காக எண்பது வயதுக் கிழவி நாலுபேர் உறவினரின்றிச் சுடுகாடு சென்றார்.

பிரெஞ்சு ஒழுங்குவிதியைப் பற்றிப் படிக்குங்கால் நம் நெஞ்சைத் தொட்டது ஒன்றே. ரெக்லெமானால் தீங்குற்றோர் அந்நாட்டின் 'கோன்செய் தேத்தா' என்னும் உயர் நிருவாக நீதிமன்றத்தில் அதனை எதிர்க்கலாம். அங்கு ஆராயப்படுவன முக்கியமாக நான்கு. விதித்தவர்க்கு விதிக்க அதிகாரம் இருந்ததா? முறைப்படி விதித்தனரா? மேலான சட்டத்திற்கு முரணாகாதிருக்கின்றதா? எந்நோக்கத்திற்காக அதிகாரம் அளிக்கப்பட்டதோ அந்நோக்கத்திற்கே பயன்பட்டதா? இந்நான்கில் ஒன்று பிழைப்பினும் விதி வீழ்ந்துவிடும்.

இந்நான்கு உரைகல்லில், முன்னர்க் கூறிய செயற்குழுவின் புதுவிதியை உரைத்துப் பார்ப்போம். குலத்திற்குப் புறம்பே மணஞ்செய்துகொண்டோரின் மக்களுக்குச் சங்கத்தின் கல்வி உதவித்தொகையும் மாணவர் விடுதியும் இல்லை என்பது அவ்விதி. முன்னரே மணந்தோர்க்கும் அது பொருந்துமாம்.

முதலாவது, அதிகாரம். உதவிபெறத் தக்கவர் யாவர் என்பதைப் பொதுக்குழுவே தீர்மானிக்கும் என்று நம் அமைப்பேடு கூறுகின்றது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஏடு அது. செயற்குழு தானே அதனை மாற்றுதல் எங்ஙனம்? இரண்டாவது, முறை. உறுப்பினர்க்கு அறிவிப்பு இல்லை. இப்பத்திரிகையில் ஒரு வரியும் வந்ததில்லை. மூன்றாவது, மேலான சட்டம். 'நம் குலத்து உறுப்பினர் குடும்பங்களின் ஏழை மாணாக்கர்க்கு' என்றே அமைப்பேட்டில் உள்ளது. புறத்தே மணந்தாலும் நம் பெண் உறுப்பினர் ஆகாதொழிவாள் என்று அதில் எங்கும் இல்லை. நாட்டின் அரசியலமைப்பை நோக்கின், அதன் 13-ஆம் விதி ஒழுங்குவிதியையும் வழக்கத்தையும் ஒரே வரிசையில் வைத்து, அவை அடிப்படை உரிமைக்கு முரணாயின் செல்லா என்கின்றது. நம் சங்கவிதி அரசின் சட்டம் அன்று என்பது மெய். எனினும் அரசே செய்யலாகாததை நாம் செய்து பெருமை கொள்ளலாமா? வயது வந்த இருவர் மணம்புரிய ஊர்க்கூட்டத்தின் இசைவு வேண்டுவதில்லை என்று உச்சநீதிமன்றம் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. சமூக விலக்கைக் குற்றமாக்கி மராட்டிய மாநிலம் 2016-இல் சட்டமே இயற்றியது.

நான்காவதே நம் மனத்தை மிகவும் வருத்துவது; அது நோக்கம். உதவித்தொகை அளிக்கும் அதிகாரம் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்பதற்காகச் செயற்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனைக்கொண்டு பெற்றோரைத் தண்டிப்பது, அளக்கத் தந்த கோலால் அடிப்பதை ஒக்கும். தாய் செய்த மணத்திற்குப் பிள்ளை விடுதியிழப்பதோ? அன்று அப்பாயி, இன்று பேரன். பாடையில் தொடங்கியது பள்ளியில் முடியவேண்டுமோ?

குலம் கலைந்துவிடும் என்று அஞ்சும் பெரியோரை நாம் இகழ்கின்றோமில்லை. அவர்கள் உழைத்து ஈட்டிய பொருளால் எழுந்த விடுதி அது; அதிற் படித்தவருள் நாமும் ஒருவரேம். அவர்தம் அச்சம் உண்மையானது. ஆயினும் புதுச்சேரியின் கதையை நினைமின். பூட்டு இறுகியபோதுதான் ஒரு தமிழர்க்கு 'வாயில்' என்று பெயர்பூண நேர்ந்தது. உள்ளேயே வாயில் இருந்திருப்பின் அவர் ஏன் வெளியேறுவார்? விலக்கிய பிள்ளை நம்மை மறந்துபோவான். ஏற்ற பிள்ளை நாளை இச்சங்கத்திற்குத் தோள்கொடுப்பான்.

ஆகவே மூன்று வேண்டுகோளை இவ்வவை முன் வைக்கின்றோம். ஒன்று: அப்புதுவிதியைச் செயற்குழு திரும்பப் பெறுக. இரண்டு: உதவி பெறுதற்கு வறுமையும் கல்வியார்வமுமே அளவு என ஒழுங்குவிதி எழுதிப் பொதுக்குழுவின் ஒப்புதல் பெறுக. மூன்று: இனி வகுக்கும் ஒவ்வொரு விதியும் நாளும் காரணமும் கையொப்பமும் உடையதாய் இப்பத்திரிகையில் வெளியாகுக. உத்தரமேரூரார் கல்லில் வெட்டினர்; நாம் தாளிலேனும் அச்சிடுவோம்.

காரைக்கால் உறவினர்க்கு ஒரு சொல் எழுதிக்கொடுக்கப் புகுந்து, இத்தனை நேரம் உங்கள் பொறுமையைச் சோதித்தோம். அச்சொல்லின் பொருள் கோல் என்று தொடங்கினோம். கோல் நம் கையில் இருக்கின்றது. அது நேராயிருக்கின்றதா என்று முதலில் பார்ப்போம், பின்னர்க் கோடிழுப்போம்.